"கொடியில் இரண்டு குழாய்தான் இருக்கிறதாம்": ஸ்கேன் அறை வாசலில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஸ்கேன் பார்க்கும் டாக்டர் நான். ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து, வயிற்றிலிருக்கும் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்காரும் பெண்ணிடம் "தொப்புள்கொடியில மூணு ரத்தக் குழாய் இருக்கணும்மா, உங்க குழந்தைக்கு ரெண்டுதான் இருக்கு" என்று சொல்ல வேண்டி வரும் நாளில், அடுத்தவரை உள்ளே கூப்பிட அரை மணி நேரம் ஆகிவிடும். அவர் கேட்பது நாலு கேள்வி. வெளியே நிற்கும் மாமியார் ஆறு. சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் போன் பண்ணிக் கேட்பது தனி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது. உங்களைப் பார்க்கும் டாக்டருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

கொடியில் எத்தனை குழாய் இருக்க வேண்டும்? எது எதைக் கொண்டுபோகிறது?

மூன்று. இரண்டு தமனி, ஒரு சிரை. பள்ளிக்கூடத்தில் தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று மனப்பாடம் செய்திருப்போம். கொடிக்குள் அது தலைகீழ். குழந்தையின் இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்பி வருவது சிரை. பெயருக்கு அர்த்தம் அவ்வளவுதான். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. நாம் நஞ்சு என்றும் நச்சுக்கொடி என்றும் சொல்கிறோமே, அதுதான் அதற்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் எல்லாம். ஆக, இரண்டு தமனிகளும் பிராணவாயு தீர்ந்த ரத்தத்தை நஞ்சுக்குக் கொண்டுபோகின்றன. சிரை, புதுப்பித்த ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருகிறது.

நிறைமாதத்தில் கொடி சராசரியாக 50 முதல் 60 செ.மீ. நீளம் இருக்கும். மூன்று குழாய்களையும் சுற்றி வார்ட்டன் ஜெல்லி என்ற வழவழப்பான பொருள். இளநுங்கை விரலால் அழுத்திப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதம் தெரியும். கொடி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டும் இருக்கும், ஏறக்குறைய 5 செ.மீ.க்கு ஒரு முறுக்கு. குழந்தை உருண்டாலும் புரண்டாலும் குழாய் நசுங்காமல் இருப்பது இந்த ஜெல்லியாலும் முறுக்காலும்தான்.

தமனி ஒன்றுதான் என்றால் ரிப்போர்ட்டில் "சிங்கிள் அம்பிலிகல் ஆர்ட்டரி" என்றோ, "எஸ்யூஏ" என்றோ, "டூ வெசல் கார்டு" என்றோ இருக்கும். மூன்றும் ஒன்றேதான், மூன்று வியாதி அல்ல. நூறு முதல் இருநூறு கர்ப்பங்களில் ஒன்றில் இப்படி இருக்கும். இரட்டைப் பிள்ளைகளில் இன்னும் கொஞ்சம் அதிகம்.

அவ்வளவு சின்னக் குழாயை எப்படி எண்ணுகிறீர்கள்? தப்பாக எண்ண வாய்ப்பு இல்லையா?

இருக்கிறது. எனக்கே நடந்திருக்கிறது.

கொடியைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பதுபோல் ஸ்கேனில் பார்த்தால் மிக்கி மவுஸ் முகம் தெரியும். பெரிய வட்டம் சிரை, மேலே இரண்டு காது மாதிரி தமனிகள். ஒரு காது இல்லை என்றால் ஒற்றைத் தமனி. ஆனால் கொடி நெளிந்து கிடக்கும், குழந்தை உதைத்துக்கொண்டிருக்கும், இந்த முகம் எப்போதும் சரியாகக் கிடைக்காது. அதைவிட நம்பகமான இடம் குழந்தையின் அடிவயிறு. அங்கே மூத்திரப்பை கறுப்பாக, ஒரு சொட்டு மை மாதிரித் தெரியும். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரை ஆன் செய்தால் அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தமனி கைகோத்தாற்போல் ஓடிவந்து தொப்புளில் சேரும். ஒரு பக்கம் மட்டும் ஓடினால் விடை கிடைத்துவிட்டது. (நான் அந்த இடத்தில் ப்ரோபை, அதாவது வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை, வைத்ததும் "என்ன குழந்தை டாக்டர்?" என்று மெல்லக் கேட்பவர்கள் உண்டு. 1994ஆம் வருடச் சட்டம் சுவரிலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, தயவுசெய்து அதைப் படியுங்கள்.)

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு, குழந்தை குப்புறக் கிடந்ததால், நஞ்சோடு கொடி சேரும் இடத்தில் எண்ணிவிட்டு "இரண்டு குழாய்" என்று எழுதிக் கொடுத்தேன். நஞ்சை நெருங்கும் கடைசிச் சில சென்டிமீட்டரில் இரண்டு தமனிகளும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதுண்டு. பெரும்பாலான கொடிகளில் அங்கே ஒரு குறுக்கு இணைப்பும் இருக்கும். வியன்னாவின் உடற்கூறியலாளர் ஹிர்ட்டல் 1870இல் வெளியிட்ட நூலில் விவரித்த இணைப்பு அது. இரண்டு தமனியிலும் அழுத்தத்தைச் சமன் செய்வது அதன் வேலை. அது தெரிந்தும் அவசரப்பட்டுவிட்டேன். நாலு வாரம் கழித்து வந்தபோது மூத்திரப்பைக்கு இரண்டு பக்கமும் தமனி பளிச்சென்று ஓடுகிறது. அந்த நாலு வாரமும் அவர் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்று அப்புறம் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து மூத்திரப்பைப் பக்கம் பார்க்காமல் அந்த வரியை எழுதுவதில்லை. நீங்களும் கேட்கலாம்: "பிளாடர் பக்கத்துல வச்சுப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

ஒரு தமனி ஏன் இல்லாமல் போனது? கிரகணத்தன்று வெளியே வந்தேன், ஸ்கூட்டியில் போனேன், தண்ணீர்க் குடம் தூக்கினேன்...

எதுவும் காரணம் இல்லை. கொடி உருவாவது முதல் சில வாரங்களில். அப்போது உங்களுக்கே கர்ப்பம் சரியாகத் தெரிந்திருக்காது. ஒரு தமனி தோன்றாமலே போயிருக்கலாம், அல்லது தோன்றி வளராமல் சுருங்கி மறைந்திருக்கலாம். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருக்கும் தாய்மார்களிடம் சற்று அதிகமாகப் பார்க்கிறோம். அதனால் சர்க்கரை எவ்வளவு என்று உங்கள் டாக்டர் திரும்பவும் பார்ப்பார். கிரகணத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டு குழாய் செய்ய வேண்டிய வேலையை ஒன்று செய்ய முடியுமா? ரத்தம் போதுமா?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் வாசலில் இதைக் கேட்பவர்கள் குறைவு.

குழாயில் ஓடும் அளவு, குழாயின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறும். 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் கண்டுசொன்னது. (பெயரைப் புதுச்சேரிக்காரர்கள் என்னைவிடச் சரியாக உச்சரிப்பார்கள்.) விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்கு. அதையே திருப்பிப் போட்டால், ஓட்டம் இரண்டு மடங்காக விட்டம் 19 சதவீதம் கூடினால் போதும். 3 மி.மீ. குழாய் 3.6 மி.மீ. ஆனால், கணக்குப்படி, அந்த ஒன்றே இரண்டின் வேலையைச் செய்துவிடும். உயிருள்ள குழாய் ரப்பர் குழாய் அல்ல, ரத்தமும் தண்ணீர் அல்ல, உண்மைதான். ஆனாலும் ஸ்கேனில் பார்ப்பதும் இதுவேதான். ஒற்றைத் தமனி உள்ள கொடிகளில் பெரும்பாலும் அந்தத் தமனி வழக்கத்தைவிடப் பருத்திருக்கும். பிந்தைய மாதங்களில் 4 மி.மீ.யைத் தாண்டுவதும் சகஜம். அக்கா வேலைக்குப் போய்விட்டால் தங்கை இரண்டு பேர் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிற வீடு மாதிரி.

அதனால் ரிப்போர்ட்டில் "ஒன்று" என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். அந்த ஒன்று பருத்திருக்கிறதா, அதில் ஓட்டம் எப்படி, குழந்தை வாரத்துக்கேற்ற எடையில் வளர்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் எனக்கு முக்கியம் கடைசியது.

டாப்ளரில் சிவப்பும் நீலமுமாகத் தெரிகிறதே. நீலம் கெட்ட ரத்தமா?

இல்லை. சிவப்பு என்றால் ப்ரோபை நோக்கி வருகிற ரத்தம், நீலம் என்றால் விலகிப் போகிற ரத்தம். ப்ரோபைக் கொஞ்சம் சாய்த்தால் அதே குழாய் நிறம் மாறும். விலகிப்போகும் ரயிலின் ஊதல் சுருதி இறங்குவதுபோல, நகரும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறும். ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் பிராக் நகரத்தில் சொன்ன தத்துவம். அவர் சொன்னது நட்சத்திரங்களைப் பற்றி. தொப்புள்கொடியில் அதை வைத்துப் பார்த்த முதல் கட்டுரை 1977இல் டப்ளினிலிருந்து வந்தது.

சத்தத்தைக் கேட்டாலும் தெரியும். தமனி "உஷ்... உஷ்..." என்று துடித்துத் துடித்து வரும். சிரை, தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலக் காற்று காதில் அடிப்பதுபோல் விடாமல் ஒரே சீராக.

டாப்ளர் படத்தில் தமனியின் ஓட்டம் மலை மலையாக இருக்கிறதே, அதில் என்ன பார்க்கிறீர்கள்?

எல்லோரும் மலையைப் பார்ப்பார்கள். நாங்கள் பள்ளத்தைப் பார்ப்போம்.

அடிபம்பு வாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டித் தண்ணீர் அடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையை அழுத்தும்போது பீறிட்டு வரும். கையைத் தூக்கும்போது என்ன ஆகிறது? குழாய் நன்றாக இருந்தால் அப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். மறுமுனையில் மண் அடைத்திருந்தால் நின்றுவிடும். மோசமாக அடைத்திருந்தால் கொஞ்சம் திரும்பியே வரும். குழந்தையின் இதயம் சுருங்குவது அழுத்தல், விரிவது தூக்கல். நஞ்சு மெத்தென்று, ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் விரிந்து, ரத்தத்தை எதிர்ப்பில்லாமல் வாங்கிக்கொண்டால் இதயம் விரியும் நேரத்திலும் ஓட்டம் முன்னோக்கியே இருக்கும். அந்தப் பள்ளம் தரையைத் தொடாது.

எஸ்/டி என்பது மலை உச்சியைப் பள்ளத்தால் வகுத்த எண். 20 வாரத்தில் 4ஐ ஒட்டி இருக்கும், 30 வாரம் தாண்டினால் 3க்குக் கீழே வர வேண்டும், நிறைமாதத்தில் 2ஐ ஒட்டி. ஆர்ஐ, பிஐ எல்லாம் அதே விஷயத்தை வேறு விதமாக வகுத்துச் சொல்வதுதான். நாள் ஆக ஆக எண் இறங்குவது நல்லது. பள்ளம் தரையைத் தொட்டுவிட்டால் ஆர்ஐ 1 ஆகிவிடும். ரிப்போர்ட்டில் "ஆப்சென்ட் என்ட் டயஸ்டாலிக் ஃப்ளோ" என்று வரும். தரைக்குக் கீழே போனால் "ரிவர்ஸ்டு". குழந்தை வளர்ச்சியும் குறைந்து இப்படி இருந்தால் வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்று சொல்ல மாட்டோம். அட்மிஷன், நுரையீரல் பக்குவப்பட ஊசி, தினமும் கண்காணிப்பு. அமெரிக்கத் தாய்-கரு மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, ஓட்டம் நின்றிருந்தால் 33–34 வாரத்திலும், திரும்பி ஓடினால் 30–32 வாரத்திலும் பிரசவம் பார்க்கலாம். அதற்கு முன்பே எடுக்க வேண்டி வருவதும் உண்டு.

ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து அழ வேண்டாம். குழந்தை விக்கிக்கொண்டிருந்தாலோ, மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாலோ அலை கோணல்மாணலாக வரும். கொடியில் குழந்தைப் பக்கம் எடுத்தால் எண் கூடுதலாகவும் நஞ்சுப் பக்கம் எடுத்தால் குறைவாகவும் இருக்கும், அதனால்தான் நடுவில் மிதக்கும் பகுதியில் எடுக்கிறோம். சந்தேகம் வந்தால் உங்களைக் கொஞ்சம் நடக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்ப்போம். அலுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒற்றைத் தமனி உள்ளவர்களுக்கும் இதே எண்கள்தானா?

அட்டவணை எல்லாம் மூன்று குழாய் உள்ள கொடிகளை அளந்து போட்டது. ஒற்றைத் தமனி பருத்திருப்பதால் அதில் எதிர்ப்பு பொதுவாகக் குறைவு, எண்ணும் இயல்பைவிடச் சற்றுத் தாழ்ந்தே வரும். ஆக, அட்டவணையில் "நார்மல்" என்று விழுந்தால் அதிலேயே முழு நிம்மதி அடைய முடியாது. பருத்த தமனியின் எண் கூடுதலாக வந்தால் அதை இரண்டு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும். பள்ளம் தரையைத் தொட்டால் ஒரு தமனியானாலும் இரண்டானாலும் எச்சரிக்கைதான். எண்ணைவிட வளர்ச்சியை நம்புகிறேன் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

இரண்டு தமனியும் இருக்கிறது, ஆனால் ஒன்று மெலிந்திருக்கிறது என்கிறார்கள்.

இதுவும் உண்டு. நடுக்கத்தோடு ஒரு கணவன்-மனைவி பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். வேறோர் இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் "ஓட்டம் நின்றிருக்கிறது" என்று. குழந்தை கொழுகொழுவென்று வாரத்துக்கேற்ற எடை, பனிக்குட நீரும் தாராளம். படத்தோடு பொருந்தவில்லையே என்று கொடியைக் குறுக்காகப் பார்த்தேன். ஒரு காது பெரிது, ஒன்று மிளகு அளவு. அவர்கள் அளந்தது அந்த மெலிந்த தமனியை. பெரியதில் ஓட்டம் அருமையாக இருந்தது. மெலிந்த தமனியில் எண் மோசமாக வருவது எதிர்பார்க்கக்கூடியதே. அதனால் ரிப்போர்ட்டுக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால் இரண்டு தமனியையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

குழந்தைக்கு வேறு குறை இருக்குமா? பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்க வேண்டுமா?

ஒற்றைத் தமனி தெரிந்ததும் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: இதயம், சிறுநீரகம். முதுகெலும்பு, குடல் எல்லாவற்றையும் பார்ப்போம், ஆனால் இந்த இரண்டையும் திரும்பத் திரும்ப. எல்லாம் சரியாக இருந்தால் அதற்குப் பெயர் தனித்த ஒற்றைத் தமனி. அப்படியானால் இந்த ஒரு காரணத்துக்காக மரபணுச் சோதனையோ ஊசி போட்டு நீர் எடுப்பதோ தேவையில்லை. மேலே சொன்ன அமெரிக்கத் தாய்-கரு மருத்துவச் சங்கத்தின் 2021 பரிந்துரையும் அதுதான். கடைசி மூன்று மாதத்தில் வளர்ச்சி ஸ்கேன் ஒன்று, 36 வாரத்திலிருந்து வாராந்திரக் கண்காணிப்பைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

வேறு குறையும் சேர்ந்திருந்தால் கதை வேறு. 18ஆம், 13ஆம் குரோமோசோம்கள் மூன்றாக இருக்கும் குழந்தைகளில் ஒற்றைத் தமனி அடிக்கடி இருக்கும், ஆனால் அங்கே ஸ்கேனில் வேறு மாற்றங்களும் தெரியும். அப்போது மரபியல் ஆலோசனை கட்டாயம்.

சிரையில் மாற்றம் என்றால்?

சிரை ஒன்றுதான், அதற்கு மாற்று ஆள் இல்லை. ஆரம்பத்தில் வலது, இடது என்று இரண்டு சிரைகள் இருந்து வலது மறைந்துவிடும். சிலருக்கு இடது மறைந்து வலது நிற்கும். ஸ்கேனில் சிரை இரைப்பைப் பக்கமாக வளையும். கல்லீரலுக்குள் வழக்கமான வழியில் சேர்ந்து, வேறு குறையும் இல்லையென்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

இன்னொன்று சிரை வீக்கம். குழந்தை வயிற்றுக்குள் வரும் சிரை 15 வாரத்தில் சுமார் 3 மி.மீ., நிறைமாதத்தில் 8 மி.மீ. அது 9ஐத் தாண்டிப் பலூன் மாதிரி உப்பினால் "வேரிக்ஸ்" என்போம். உள்ளே ரத்தம் சுழன்று உறையும் ஆபத்து அரிது, ஆனாலும் அடிக்கடி பார்ப்போம். சீராக ஓட வேண்டிய சிரையிலேயே துடிப்பு தெரிந்தால், முதல் மூன்று மாதம் கடந்தபிறகு, குழந்தையின் இதயம் திணறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"நிமிஷத்துக்கு எத்தனை மில்லி போகுது, அதைச் சொல்லுங்க" என்று ஒரு இன்ஜினியர் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சிரையின் விட்டத்தையும் வேகத்தையும் அளந்து கணக்குப் போடலாம். குழந்தையின் கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 மில்லி வரும். ஆனால் விட்டம் கணக்கில் வர்க்கமாக வருகிறது. விட்டத்தில் 10 சதவீதம் பிசகினால் விடையில் 21 சதவீதம் பிசகும். 6 மி.மீ. குழாயில் 10 சதவீதம் என்பது என் விரல் லேசாக நடுங்கும் அளவு. அதனால்தான் அந்த எண்ணைச் சாதாரண ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை.

கொடி நஞ்சில் சேராமல் சவ்வில் சேர்கிறது என்று எழுதியிருக்கிறது. இது பெரிய விஷயமா?

இதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒற்றைத் தமனிக்கு அழுகிற வீட்டில், இந்த வரியைப் படிக்காமலே ஃபைலை மூடிவிடுகிறார்கள்.

கொடி நஞ்சின் நடுவில் சேர வேண்டும். நூறில் ஒரு கர்ப்பத்தில் நஞ்சுக்கு வெளியே, பனிக்குடச் சவ்வில் போய்ச் சேரும். அங்கிருந்து நஞ்சு வரைக்கும் குழாய்கள் ஜெல்லி இல்லாமல், வெறும் சவ்வுக்குள் நரம்போடியது மாதிரிக் கிடக்கும். அவை கர்ப்பப்பை வாய்க்கு மேலே குறுக்காக ஓடினால் அதுதான் வாசா ப்ரீவியா. பனிக்குடம் உடையும்போது அந்தக் குழாயும் கிழியும். வெளியே வருவது தாயின் ரத்தம் அல்ல, குழந்தையின் ரத்தம். மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே ஏறக்குறைய 240 மில்லி. ஒரு டம்ளர். தாய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், முன்பே தெரிந்தால் காப்பாற்றிவிடலாம். 155 கர்ப்பங்களைப் பார்த்து 2004இல் வெளியான ஆய்வில், முன்பே கண்டுபிடித்தவர்களில் 97 சதவீதக் குழந்தைகள் பிழைத்தன. தெரியாமல் போனவர்களில் 44 சதவீதம். கண்டுபிடிக்க கர்ப்பப்பை வாய்க்கு மேல் கலர் டாப்ளரை வைத்துப் பார்த்தால் போதும், தேவைப்பட்டால் உள்வழி ஸ்கேன். அங்கே ஒரு குழாய் தெரிந்து அதன் துடிப்பு நிமிடத்துக்கு 80 என்றால் அது உங்களுடையது. 140 என்றால் குழந்தையுடையது. அப்படி உறுதியானால் வலி வரும்வரை காத்திருக்காமல் 34 முதல் 37 வாரத்துக்குள் சிசேரியன். நஞ்சு கீழே இருந்தவர்கள், நஞ்சு இரண்டு துண்டாக இருப்பவர்கள், ஐவிஎஃப் மூலம் கருத்தரித்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், நீங்களாகவே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். "நஞ்சு மேலே ஏறிடுச்சு" என்று சொன்னபிறகும் கேளுங்கள். நஞ்சு ஏறினாலும் குழாய் கீழேயே தங்கியிருக்கலாம்.

கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது. மாமனுக்கு ஆகாது என்கிறார்களே?

பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்குக் கொடி கழுத்தில் இருக்கும். அத்தனை தாய்மாமனுக்கும் ஆகாதென்றால் கடலூர் மாவட்டத்தில் மாமன்களே மிஞ்ச மாட்டார்கள். கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி அதில் குழந்தை முகத்தை மாமன் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கிறது, செய்யுங்கள், போட்டோவும் எடுங்கள். இது குழாயில் உள்ள குறை அல்ல. சுற்றுவதும் அவிழ்வதும் தினமும் நடக்கும். பெரும்பாலும் இதற்காக மட்டும் சிசேரியன் வேண்டாம்.

ரத்த ஓட்டம் கூட என்ன சாப்பிடலாம்? படுத்தே இருக்கணுமா?

கொடிக்குழாயைத் திறந்துவிடும் சாப்பாடு எதுவும் இல்லை. பேரீச்சை, மாதுளை, எல்லாம் நல்லதுதான், ரத்தசோகைக்கு. படுத்தே கிடப்பதால் ஓட்டம் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கால் வீங்குவதும் ரத்தம் உறைவதும்தான் மிச்சம். 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து தூங்க வேண்டாம், ஒருக்களித்துத் தூங்குங்கள். நடுவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்திருக்கிறீர்களா? திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆஸ்பிரின் மாத்திரை பிபி வரக்கூடியவர்களுக்கு டாக்டர் எழுதுவது. கொடிக்கு என்று நீங்களாக வாங்கிப் போடக் கூடாது.

இந்தப் பக்கம் எங்கே போவது?

சாதாரண ஒற்றைத் தமனிக்கு, இப்போது பார்க்கும் இடமே போதும். வளர்ச்சி குறைகிறது, டாப்ளர் மாறுகிறது, வாசா ப்ரீவியா என்றால் பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடம் வேண்டும். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, தெற்கே சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வடக்கே புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். கையில் ரிப்போர்ட்டின் அசலோடு, படங்களும் இருக்கட்டும். வெறும் வாட்ஸ்அப் போட்டோவில் அலையின் பள்ளம் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை டாக்டர் இலவசமாகப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2016 முதல் நடக்கிறது. அன்று கூட்டம் இருக்கும், ஆனால் பெரிய டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்ட நல்ல நாள்.

புதுச்சேரி போகும் வழியில், அரியாங்குப்பம் தாண்டி இந்திரா காந்தி சிலை சிக்னலில் காலை எட்டரை மணிக்கு மாட்டினால் எவ்வளவு நேரம் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வாசா ப்ரீவியா உள்ளவர்கள் கடைசி வாரங்களில் மருத்துவமனையிலேயோ பக்கத்திலேயோ தங்கச் சொல்வது அதனால்தான்.

அசைவு குறைந்த மாதிரி இருந்தால்?

அன்றைக்கே போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள், "போன வாரம்தான டாப்ளர் நல்லா இருந்தது" என்றும் இருக்காதீர்கள். டாப்ளர் அன்றைய நிலையைச் சொல்வது. சந்தேகம் என்றால் சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். எண்ணாமலே பயமாக இருக்கிறது என்றாலும் கிளம்பலாம்.

ஒற்றைத் தமனி என்றாலே சிசேரியனா?

இல்லை. வளர்ச்சியும் ஓட்டமும் சரியாக இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. வலியின்போது குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்கள். கொடி சவ்வில் சேர்ந்திருந்தால், குழந்தை வந்தபிறகு நஞ்சை எடுக்கும்போது கொடியை வேகமாக இழுக்கக் கூடாது, அறுந்துவிடும். லேபர் வார்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும், இருந்தாலும் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.

பிறந்த பிறகு?

கொடியை வெட்டியதும் வெட்டுமுகத்தைத் துடைத்துவிட்டுப் பார்ப்பார்கள். தமனிகள் கெட்டியான சுவரோடு வெள்ளைப் புள்ளி மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். சிரை, வாய் திறந்த மெல்லிய பை மாதிரித் தொய்ந்திருக்கும். ஸ்கேன் சொன்னது சரியா என்று அங்கேதான் முடிவாகும். குழந்தை டாக்டரிடம் "கொடியில ஒரு தமனிதான்" என்று மறக்காமல் சொல்லுங்கள். இதயத்தில் சத்தம் ஏதும் கேட்கிறதா, மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேன் எழுதுவார். அடுத்த பிள்ளைக்கும் இப்படியே இருக்கும் என்று இல்லை. நான் முன்பு சொன்னேனே, நாலு வாரம் தூங்காத அந்த வீடு, அவர்கள் இரண்டாவது பிள்ளைக்கும் என்னிடம்தான் வந்தார்கள். ப்ரோபை வைத்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் வார்த்தை, "டாக்டர், பிளாடர் பக்கத்துல பாருங்க."